பிஸாரோவுக்கு எத்தனை மதிப்பெண்?

படக்கதைப் புத்தகங்கள் மாணவியருக்கு ஆகாது என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. அவர்களோடு வாதாட இங்கே இடம் போதாது. அன்புத் தோழியரே, 1938-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பத்து செண்டு இதழ் ஒன்றில் தோன்றிய சூப்பர்மேனை அறியாதவர் நம்முள் இல்லை. அவனுக்குக் கோணல்மாணலான நகல் ஒருவன் உண்டு. பெயர் பிஸாரோ. எங்கள் வகுப்பில் கைமாறிக் கைமாறி வந்த ஒரு மறுபதிப்பில் அவனைச் சந்தித்தோம். அன்று முதல் அசலைவிட நகலே எங்களுக்குப் பிரியமானவன் ஆகிவிட்டான்.

இளவயது சூப்பர்மேனின் சாகசங்களைச் சொல்லும் 'சூப்பர்பாய்' இதழில், 1958-இல் அவன் பிறந்தான். கதையை எழுதியவர் ஆட்டோ பைண்டர். வரைந்தவர் ஜார்ஜ் பாப். விஞ்ஞானி ஒருவர் எதையும் நகலெடுக்கும் கருவியைச் செய்கிறார். அதில் ஏதோ குறை. அதன் கதிர் தவறிப்போய்ச் சூப்பர்பாய் மேல் படுகிறது. வந்து நிற்பவனுக்குச் சுண்ணாம்பு பூசியது போன்ற முகம், கல்லைக் கொத்தியது போன்ற கன்னம், தட்டுத்தடுமாறும் பேச்சு. பலம் மட்டும் அசலுக்குச் சிறிதும் குறைந்ததன்று. அவன் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை, பழக ஆசைப்படுகிறான். ஊரோ அலறி ஓடுகிறது. ஒரே ஒரு சிறுமி மட்டும் அவனோடு அன்பாகப் பேசுகிறாள். அவளுக்குக் கண் தெரியாது! முடிவில் அவன் வெடித்து அழிகிறான். அந்த அதிர்ச்சியில் அவளுக்குப் பார்வை திரும்புகிறது. பார்ப்பதற்கு அவன் இல்லை. இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு எங்களுள் சிலர் கணக்குப் பாடத்தின்போதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தனர்.

1959-இல் லெக்ஸ் லூதர் என்னும் வில்லன் அதே கருவியால் வளர்ந்த பிஸாரோவை உண்டாக்கினான். பிறகு அவனுக்கு ஒரு மனைவி, ஒரு கிரகம், அதுவும் சதுரக் கட்டை போன்ற கிரகம்! அங்கே எல்லாம் தலைகீழ். நஷ்டம் நிச்சயம் என்று உறுதி கூறிக் கடன் பத்திரம் விற்பார்கள். எதையும் குறையின்றிச் செய்வது பெருங்குற்றம். சிரிப்புக்குப் பஞ்சமில்லை. ஆயினும் எங்கள் கருத்து என்னவெனில், இங்கேதான் பிஸாரோ கெட்டுப்போனான். எதையும் திருப்பிப் போடுவது எளிது. கண்ணாடி கூட அதைச் செய்யும். முதல் கதையில் அவன் நல்லது செய்யப் போய்க் கைதவறுகிறவன். அந்தத் தவறு அவனுடைய சொந்தத் தவறு. தலைகீழ்ப் பிஸாரோவோ மறுபடியும் ஒரு நகல்தான்.

இன்று பழைய படக்கதைகளையும் பொம்மைகளையும் சேகரிப்பவர்கள் அவனைத் தேடி அலைகிறார்கள். சூப்பர்மேன் முதலில் தோன்றிய இதழின் ஒரு பிரதி 2024-இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. பிஸாரோவின் முதல் இதழ் அந்த உயரத்துக்கு எட்டாது. எனினும் அதற்கும் ஆசைப்படுவோர் பலர். எங்களுக்குச் சிரிப்பு வருவது வேறொன்றில். அமெரிக்காவில் பழைய இதழ்களுக்கு மதிப்பெண் போடுவதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. பத்துக்கு எத்தனை என்று கணக்கிட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்து ஒட்டிவிடுவார்கள். அட்டையில் ஒரு மடிப்பு விழுந்தாலும் மதிப்பெண் குறையும். குறையோடு பிறந்தவனின் கதை குறையில்லாத பிரதியாக வேண்டுமாம்! உறையைப் பிரித்தால் மதிப்பெண் போய்விடுமாதலால் வாங்கியவர் அதைப் படிக்கவும் இயலாது.

தபால்தலை சேகரிக்கும் தோழியருக்கு இந்த வேடிக்கை புதிதன்று. 1918-இல் விமானத்தைத் தலைகீழாக அச்சிட்டு வெளிவந்த 24 செண்டு அமெரிக்கத் தபால்தலைகள் நூறே நூறு. அவற்றுள் ஒன்று 2023-இல் 20 லட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று. நேராக அச்சானவற்றுக்கு அந்த விலை கிடைக்காது.

ஆக, காகிதத்தில் பிழை இருந்தால் ஏலம். பெண்பிள்ளையிடம் இருந்தால்? பெற்றோர் கோபித்துக்கொள்ளாமல் கேட்க வேண்டும். "அக்காவைப் பார்", "பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்", "உன் வயதில் நான்..." என்று கேளாதவர் எங்கள் வகுப்பில் ஒரு கைவிரலுக்குள் அடங்குவர். அக்காவின் பாவாடையும் அக்காவின் நோட்ஸும் எங்களுக்கு வந்து சேர்வதில் வருத்தமில்லை. பாவாடையைச் சுருக்கித் தைத்துக்கொள்ளலாம். அக்காவின் மதிப்பெண்ணையும் குரலையும் நடையையும் எப்படித் தைத்துக்கொள்வது? அக்காள் போல் பாட முயன்று தொண்டை கட்டிக்கொண்டவள், மேசைமேல் தாளம் போட்டால் வகுப்பே திரும்பிப் பார்க்கிறது. அதற்கு ரிப்போர்ட் கார்டில் கட்டம் கிடையாது.

நூலகப் பொறுப்பை ஏற்றிருக்கும் சிஸ்டருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டுப் பட்டியலில் அந்த 1958-ஆம் ஆண்டுக் கதை அடங்கிய மறுபதிப்பு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்டை கிழிந்த பழைய பிரதியானாலும் சரி, பசை எங்களிடம் இருக்கிறது.