மகனுக்கு பைக், மகளுக்குப் பின்சீட்டா?

பதினெட்டு முடிந்ததும் மகனுக்கு பைக். மகளுக்கோ, “இந்த டிராஃபிக்கைப் பாத்தியா? உனக்கெதுக்கும்மா, அண்ணன் கொண்டுபோய் விடுவான்.” பெங்களூருவில் அல்சூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரை நம் தமிழ்க் குடும்பங்களில் பேச்சு இப்படித்தான் போகிறது. சில்க் போர்டு சந்திப்பில் முன்னால் ஒரு கார் தயங்கினால் போதும், ஓட்டுவது யாரென்று பார்க்கும் முன்பே “லேடீஸாத்தான் இருக்கும்” என்கிறோம். பின்சீட்டில் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே வருகிறார்கள். மகள் பயத்தைக் கற்றுக்கொள்கிறாள். தனக்கு எதுவும் ஆகாது என்று மகன் கற்றுக்கொள்கிறான். எனக்கு அதிகக் கவலை தருவது மகன்தான். ஏன் என்பதை இன்சூரன்ஸ் கணக்கு சொல்லும்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பெண்கள் மேல் தனிப் பாசமோ ஆண்கள் மேல் பகையோ கிடையாது. யார் இடித்தால் எவ்வளவு பணம் போகும் என்பதே அதன் கணக்கு. அந்தக் கணக்கை வைத்துத்தான் பிரிட்டனில் பல காலம் இளைஞர்களிடம் இளம்பெண்களைவிடக் கூடுதலாக பிரீமியம் வாங்கினார்கள். காரணம், பையன்கள் வேகமாகப் போய்ப் பெரிதாக இடித்தார்கள். பெல்ஜியத்தின் நுகர்வோர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், பிரீமியத்தில் ஆண், பெண் வேறுபாடு கூடாது என்று 2011 மார்ச் 1 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012 டிசம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கணக்கு தப்பு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆணா பெண்ணா என்று பார்த்து ஒருவருக்கு விலை போடுவது நியாயமில்லை என்றது. நம்மிடம் அந்தக் கணக்கும் இல்லை, இந்த நியாயமும் இல்லை. இருந்தும் வீட்டுக்குள் தினமும் தீர்ப்புச் சொல்கிறோம்.

நம் நாட்டில் தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை மத்திய அரசே நிர்ணயிக்கிறது. ஓட்டுவது யார் என்று அந்தப் பட்டியல் கேட்பதே இல்லை, எஞ்சின் அளவைத்தான் கேட்கிறது. 2022 ஜூன் 1 முதல் வந்த கட்டணத்தின்படி மகள் கேட்கும் 110 சிசி ஸ்கூட்டருக்கு ஆண்டுக்கு 714 ரூபாய். மகன் அடம்பிடிக்கும் 200 சிசி பைக்குக்கு 1,366. ஏறக்குறைய இரண்டு மடங்கு! ஷோரூமில் பையன் பக்கத்தில் நின்று பெருமையோடு கையெழுத்துப் போடும் அப்பாக்கள் இந்த இரண்டு எண்களைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆண்டுதோறும் க்ளெய்ம் இல்லாமல் ஓட்டினால், வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை போனஸ் கழிவு கிடைக்கிறது. அதற்கும் ஆண், பெண் கிடையாது. எப்படி ஓட்டுகிறார் என்பதைப் பார்த்துக் கட்டணம் போடும் திட்டங்களுக்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் வழிவிட்டது.

அதே 2022இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். நூற்றுக்கு எண்பத்தாறு பேர் ஆண்கள். பெண்கள் குறைவாக ஓட்டுகிறார்கள், அதனால் குறைவாகச் சாகிறார்கள் என்பீர்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் அந்தச் சாவுகளில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் அதிவேகத்தால் வந்தவை என்று அரசின் அறிக்கையே சொல்கிறது. தயங்கித் தயங்கி ஓட்டியதால் வந்த சாவுகள் அல்ல அவை. நாம் கேலி செய்வது தயக்கத்தை, கைதட்டுவது வேகத்துக்கு.

“என் பையன் எட்டாங்கிளாஸ்லயே வண்டி ஓட்டுவான்” என்று கல்யாண வீட்டில் சொல்கிறோமே, எந்தத் தைரியத்தில்? 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவைப் படியுங்கள். வயது வராத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றவருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டிய வண்டியின் சேதத்துக்குக் கம்பெனி பணம் தராது. அடிபட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டையும் உங்களிடமே திரும்ப வசூலிக்க வழியுண்டு. 2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய கார் இரண்டு இளம் பொறியாளர்களைக் கொன்றது. பெற்றவர்களும் கைதானார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நெலமங்கலா பக்கம், தும்கூரு நெடுஞ்சாலை மேம்பாலத்தில் வீலிங் செய்த பையன்களின் ஸ்கூட்டர்களை ஜனங்களே தூக்கிக் கீழே வீசினார்கள். அதுவும் தவறுதான். ஆனாலும் பொறுத்துப் பொறுத்துப் போனவர்களின் ஆத்திரம் அது.

மகள்களுக்கு வருகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தின் வசந்தகுமாரி 1993இலேயே தமிழ்நாட்டு அரசுப் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார். நம் பெங்களூருவின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019இல் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பெண்கள் பிரிவின் உலகக் கோப்பையை வென்றார். நம் பெண்ணுக்குக் கோப்பை வேண்டாம். மாரத்தஹள்ளியிலிருந்து ராத்திரி ஒன்பது மணிக்கு யாரையும் எதிர்பார்க்காமல் வீடு வந்துசேரத் தெரிந்தால் போதும். அதற்குப் பழக்கம் வேண்டும். வண்டிச் சாவியை மகன் கையில் நூறு முறை கொடுத்துவிட்டு, மகள் கையில் இரண்டே முறை கொடுத்து, “பாரு, கை நடுங்குது” என்றால் எப்படி?

பின்சீட்டில் பத்திரம் என்ற நினைப்பும் வேண்டாம். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று கர்நாடகத்தில் 2016 ஜனவரியிலேயே ஆணை வந்தது. ஓட்டும் அண்ணனுக்கு நல்ல ஹெல்மெட், பின்னால் ஒருபக்கமாக உட்காரும் தங்கைக்கு வெறுந்தலை. இன்றும் ஓசூர் ரோட்டில் இதைப் பார்க்கலாம்.

அடுத்த முறை எல்.எல்.ஆர். போடும்போது இரண்டு பேருக்கும் போடுங்கள். ஞாயிறு காலை சாலை காலியாக இருக்கும்போது இருவருக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள். மகள் தப்பாகக் கியர் போட்டால் வாயை மூடிக்கொண்டிருங்கள். மகன் எண்பதைத் தாண்டினால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிச் சாவியை வாங்குங்கள், அவன் முகத்தைத் தூக்கினாலும் பரவாயில்லை.