கடலை அளக்கிறவருக்கு எத்தனை லைக்?



இரண்டாம் உலகப்போர் சமயத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போன காலம் ஒன்று உண்டு. பேப்பர் கட்டுகளை ஓடுகிற ரயிலிலிருந்தே வீசிவிட்டுப் போவார்கள். ஊரின் பேப்பர் ஏஜென்ட் சம்சுதீன். அந்தக் கட்டுகளை எடுக்க அவருக்கு ஒத்தாசையாக ஓடிய சிறுவன்தான் பின்னாளில் ராக்கெட் விட்ட நம் அப்துல் கலாம்.

இப்போது செய்திக்காக ஓட வேண்டாம். தலையணைக்குப் பக்கத்திலேயே வந்து விழுகிறது.

2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் நினைவிருக்கிறதா? சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை இஸ்ரோவின் யூடியூப் நேரலையில் ஒரே சமயத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். நான் அன்று ராமேஸ்வரத்தில் ஒரு டீக்கடையில் இருந்தேன். பால் பொங்கி அடுப்பில் வழிகிறது, மாஸ்டர் போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விக்ரம் லேண்டர் தரையைத் தொட்டதும் அன்று டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

அதே வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டும் வந்தது. ‘நிலாவுக்குப் போகக் காசு இருக்கு, படகுக்கு டீசல் போடக் காசு இல்லையா?’ சந்திரயான்-3க்கு ஆன செலவு சுமார் 615 கோடி. நாட்டு ஜனத்தொகைக்கு வகுத்தால் ஆளுக்கு நாலரை ரூபாய்கூட வராது. ஆனாலும் கேட்டவர் மீது எனக்குக் கோபமில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் 61 நாள் படகைக் கட்டிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர் கேட்காமல் வேறு யார் கேட்பது?

என் கவலை வேறு. ராக்கெட் கிளம்பினால் கைதட்டுகிறோம், விழுந்தால் ‘வீண் செலவு’ என்கிறோம். போனில் வராத ஆராய்ச்சிக்கு யார் கைதட்டுவது?

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் ஒரு காலத்தில் நம் மண்டபம் ஊரில்தான் இருந்தது. 1971-இல் தலைமையகம் கொச்சிக்குப் போனது, மண்டபம் மையம் இங்கேயே இருக்கிறது. கடல் விரால் மீனை இந்தியாவில் முதன்முதலாகக் குஞ்சு பொரிக்க வைத்தது 2010-இல், இங்கேதான். பாக் விரிகுடாவில் இறால் குறையாமலிருக்கப் பச்சை வரி இறால் குஞ்சுகளை லட்சக்கணக்கில் வளர்த்துக் கடலில் விடுகிறார்கள். இதெல்லாம் உங்கள் போனில் வந்ததா? போனை விடுங்கள், நம் பத்திரிகையில் வந்ததா? சந்திரயானுக்கு அட்டைப்படம் போட்ட நான், மண்டபத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கவில்லை. தப்பு என் பேரில்தான்.

நினைத்தால் இந்தப் போனே நல்லதும் செய்யும். ஆவுளியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கடல்பசு என்று புத்தகத்தில் எழுதுவோமே, அதுதான். ஒரு காலத்தில் வலையில் சிக்கினால் கறிதான். இன்று வலையை அறுத்து அதைக் கடலுக்குள் தள்ளிவிடுகிறார்கள். தோளோடு தோளாகத் தண்ணீரில் நின்று தள்ளுகிறார்கள், ஒருவர் மட்டும் போனை மேலே தூக்கிப் பிடித்திருப்பார். அது வாலை ஒரு தடவை அடித்துவிட்டு ஆழத்துக்குள் போகும்போது படகில் எழுகிற சத்தத்தைக் கேளுங்கள், சந்திரயான் இறங்கியபோது டீக்கடையில் கேட்ட அதே சத்தம்! அப்படி விடுகிறவர்களுக்கு வனத்துறை வெகுமதியும் தருகிறது. 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தபோது, ‘இதற்கு ஏன் செலவு?’ என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. பார்த்துப் பழகிய பிராணி அல்லவா?

பாம்பனில் ‘கடல் ஓசை’ என்று மீனவர்களுக்கான சமுதாய வானொலி இருக்கிறது. அலை எவ்வளவு உயரம், காற்று என்ன வேகம் என்று அதில் சொல்வதை, வீட்டுக்காரர் கடலுக்குப் போன பிறகு அடுப்படியில் நின்று கேட்கிற பெண்களை எனக்குத் தெரியும். அந்த இரண்டு வரியைச் சொல்ல, கடலில் மிதவை, வானத்தில் செயற்கைக்கோள், ஹைதராபாத்தில் கணிப்பு மையம் எல்லாம் வேண்டும். அதுவும் நம் வரிப்பணம்தான்.

இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது, 2020-21 கணக்குப்படி, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். ஆயிரம் ரூபாய் சம்பாதிக்கிற வீட்டில் ஆறு ரூபாய் நாற்பது காசு. அதில் மண்டபத்துக்கு எவ்வளவு வந்தது, எத்தனை வேலையிடம் காலி என்று ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன். ரோடும் குடிதண்ணீரும் கேட்கிற மாதிரியே கேட்கலாம்.

போன வாரம் விடியற்காலையில் மீன் இறங்குதளத்தில் ஒருவர் குத்தவைத்து உட்கார்ந்து, கூடையிலிருந்து ஒவ்வொரு மீனாக எடுத்து ஸ்கேலில் வைத்து அளந்து, ஈரக் கையோடு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எந்த மீனை எந்த அளவுக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்பதெல்லாம் இந்த மாதிரி நோட்டுகளிலிருந்து வருவதுதான். நாற்பது விநாடி வீடியோ எடுத்து எங்கள் குடும்ப குரூப்பில் போட்டேன்.

ஒரே ஒரு பதில் வந்தது, என் அக்காவிடமிருந்து. ‘நகரை மீன் மாதிரி இருக்கே, கிலோ என்ன விலைடா?’

அன்புடன்,
ஆசிரியர்