கோட்டைக்குத் தும்பிக்கை எதற்கு?

ஓசூரிலிருந்து இராயக்கோட்டைக்கு வரும் சாலையில் சென்ற ஆண்டு ஒரு சிற்றுண்டிச் சாலை திறந்தார்கள். பித்தளை டபரா, மர பெஞ்சு, மூலையில் பழைய வானொலிப் பெட்டி என்று எல்லாம் ‘அந்தக் காலத்து’ அலங்காரம். பெயர்ப் பலகையும் அப்படியே: பழைய சினிமாச் சுவரொட்டியை நினைவூட்டும் தடித்த எழுத்து, அதற்குச் சிவப்பில் நிழல். ‘கோட்டை’ என்ற சொல்லின் ஈற்றெழுத்தான ‘டை’யின் தலையில் மட்டும் ஒரு யானைத் தும்பிக்கை வளைந்து நின்றது. பேருந்தில் அருகில் இருந்த நண்பன், “பார்த்தாயா, பழைய தமிழ்!” என்று மகிழ்ந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. வீடு போய்ச் சேருவதற்குள் அது வருத்தமாக மாறிவிட்டது.

தும்பிக்கை பெற்றிருந்தவை ணை, லை, ளை, னை என்னும் நான்கே எழுத்துகள். ‘டை’க்கு அந்தப் பேறு எக்காலத்திலும் வாய்த்ததில்லை! பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்தத்தை 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது. அப்போது இந்த நான்கும், ணா, றா, னா முதலியவையும் சேர்ந்து பதின்மூன்று எழுத்துகள் உருமாறின. அச்சுக் கோப்பவருக்கு அதனால் விளைந்த நன்மை பெரிது. அந்தச் சீர்திருத்தத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அலங்காரத்துக்காகப் பழைய உருவை எடுத்தாள்வதும் குற்றமன்று. கணினியின் ஒருங்குறியில் பழைய ‘லை’க்கும் புதிய ‘லை’க்கும் தனித்தனி இடம் கிடையாது; குறியீடு ஒன்றுதான், உருவம் எழுத்துருவை வரைபவர் கையில் இருக்கிறது. இத்தனை உரிமை இருக்கும்போது, எந்த எழுத்துக்குத் தும்பிக்கை இருந்தது என்று ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கக் கூடாதா என்பதே என் கேள்வி.

என் தாய்மாமன் இராயக்கோட்டைக் கடைவீதியில் பலகை எழுதியவர். சுண்ணாம்புப் பொடி தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்டு, தட்டைத் தூரிகையை எனாமலில் தோய்த்து அவர் எழுதுவதைச் சிறுவயதில் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் இரு கோடுகளுக்கு நடுவே அடங்கிக் கிடக்கும். தமிழ் அப்படியன்று. ‘கி’யின் விசிறி மேலே ஏறும், ‘மூ’வின் சுழி கீழே இறங்கும். அவற்றுக்கு இடம் விடாமல் எழுத்தைப் பருமனாக்கினால் சுழிகள் அடைத்துப்போய், தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குக் கறுப்புத் திட்டுதான் தெரியும். இன்று கணினியில் கிடைக்கும் பழம்பாணி எழுத்துகள் பல இங்கேதான் சறுக்குகின்றன. ஆங்கில எழுத்தின் அழகை முதலில் முடித்துவிட்டு, அந்தச் சட்டைக்குள் தமிழைத் திணிக்கிறார்கள்.

எங்கள் எல்லைப்புறத்தில் இன்னொரு சோதனையும் உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே பலகையில் எழுதச் சொல்வார்கள். தமிழ்நாட்டு விதிப்படி தமிழ் மேலே, பெரிதாக இருக்க வேண்டும். எல்லை தாண்டினால் 2024ஆம் ஆண்டுச் சட்டப்படி பலகையில் அறுபது விழுக்காடு கன்னடம். கன்னடத்துக்குத் தலைக்கட்டு உண்டு, அடியில் ஒத்தெழுத்து உண்டு. மூன்றும் ஒரே கையில் பிறந்த உடன்பிறப்புகள்போல் தோன்ற வேண்டும்; மாமாவின் பலகையில் அப்படித்தான் தோன்றின. பிளக்ஸ் வந்த பிறகு அவரைத் தேடி வருவோர் இல்லை. இப்போது தக்காளி மண்டியில் பிளாஸ்டிக் கிரேடுகளுக்கு உரிமையாளரின் முதலெழுத்தைப் போட்டுத் தருகிறார். அந்தச் சிற்றுண்டிச் சாலைக்காரர் பெங்களூரில் பணம் கொடுத்து வாங்கி வந்த ‘பழைய கை’, அவர் கடைக்குக் கூப்பிடு தூரத்தில் பெயிண்ட் டப்பாவுடன் உட்கார்ந்திருக்கிறது.

அலங்கார எழுத்து நாலைந்து சொல்லுக்கு உரியது. ஓடும் பேருந்திலிருந்து ஒரே பார்வையில் பிடிபட வேண்டியது. நம் மன்ற விழா அழைப்பிதழில் வரவேற்புரையிலிருந்து நன்றியுரை வரை அதே எழுத்தில் அச்சடித்திருந்தோம். சிறப்பு விருந்தினர் பெயரைப் படிக்கவே கண்ணாடி தேவைப்பட்டது. தோழர்கள் என்மீது கோபிக்க வேண்டாம். அந்தக் குழுவில் நானும் இருந்தேன்.

டில்லியில் ஹனீப் குரேஷி என்ற கலைஞர் தெருப் பெயிண்டர்களின் கையெழுத்துகளைத் திரட்டிக் கணினி எழுத்துருக்களாக்கினார். அவற்றுள் ஒன்று ‘பெயிண்டர் கஃபீல்’ என்று அதை எழுதியவரின் பெயரையே தாங்கி நிற்கிறது. குரேஷி 2024இல் மறைந்தார். நம் வட்டாரத்துக் கைகளை இப்படித் திரட்ட யாரும் முன்வந்ததாகத் தெரியவில்லை. பெரிய முயற்சி நம்மால் ஆகாது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு மலரின் அட்டைத் தலைப்பையாவது ஒரு பெயிண்டரிடம் எழுதி வாங்கி, உரிய கூலி கொடுத்து, உள்பக்கத்தில் அவர் பெயரை அச்சிடலாம் அல்லவா? மலர்க்குழுப் பேராசிரியர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

கடைவீதிக்குப் பின்னால் மூடிக் கிடக்கும் அரிசி ஆலையின் சுவரில் மாமாவின் குரு எழுதிய ‘ஆலை’ இன்னும் அழியாமல் இருக்கிறது. அந்த ‘லை’க்கு உண்மையான தும்பிக்கை. கோடை விடுமுறையில் அந்தச் சுவரை இடிக்கப் போவதாகப் பேச்சு. கைப்பேசியில் நன்றாகப் படம் எடுக்கத் தெரிந்த நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறுமுன் வந்தால், நான் இடத்தைக் காட்டுகிறேன்.