கட்டடக்கலை மாணவர்கள் கொஞ்சம் தெருவில் நிற்கட்டும்

வியாழக்கிழமை வந்தால் பெங்களூரு விவேக் நகரின் தெருக்களுக்கு வேறு முகம் வந்துவிடும். குழந்தை இயேசு திருத்தலத்துக்கு நகரின் நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, திருநீறும் குங்குமமும் வைத்த நெற்றிகளையும் அந்தக் கூட்டத்தில் பார்க்கலாம். மெழுகுவத்திக் கடைகள், பூக்கடைகள், இடமில்லாத இடத்தில் நிற்கும் ஆட்டோக்கள், வழிபாடு முடிந்தும் கிளம்பாமல் பேசிக்கொண்டிருக்கும் குடும்பங்கள். இத்தனை பேரும் எங்கே உட்காருகிறார்கள்? கைக்குழந்தையோடு வந்த பெண் எந்த நிழலில் ஒதுங்குகிறார்? நடைபாதை இருக்கும் இடத்திலும் ஏன் ஆட்கள் சாலையில் இறங்கி நடக்கிறார்கள்? எந்த வரைபடத்தைப் பிரித்தாலும் இதற்கெல்லாம் விடை இருக்காது. நின்று பார்த்து, எண்ணி, எழுதிவைத்தால்தான் தெரியும்.

இந்த நின்று பார்க்கும் வேலையை மாணவர்களுக்கு முறையான ஆய்வுப் பயிற்சியாகக் கொடுக்கலாம். கொடுக்க வேண்டும்.

இந்தியாவில் பி.ஆர்க். ஐந்தாண்டுப் படிப்பு. இறுதி ஆண்டுகளில் ஒரு செமஸ்டர் முழுக்க மாணவர்கள் ஏதாவது ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் பயிற்சிக்குப் போகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பலருக்கு அந்த மாதங்கள் ஆட்டோகேடில் கழிப்பறையின் அளவுகளை வரைவதிலும், வாடிக்கையாளரை அசத்தும் ரெண்டர் படங்கள் செய்வதிலும் ஓடிவிடுகின்றன. அந்தப் படங்களில் வரும் மனிதர்களைப் பார்த்திருக்கிறீர்களா? எல்லோரும் ஒல்லி, கையில் காபிக் கோப்பை. ஒருவருக்கும் வியர்ப்பதில்லை, ஒருவர் கையிலும் தண்ணீர்க் குடமில்லை. கட்டடம் எழுந்து ஆட்கள் குடியேறிய பிறகு அங்கே திரும்பிப் போய்ப் பார்க்கும் வேலை எந்தப் பயிற்சி மாணவருக்கும் தரப்படுவதில்லை. அதற்குப் பணம் தர வாடிக்கையாளரும் இல்லை.

பார்ப்பதும் எண்ணுவதும் ஓர் ஆய்வா என்று கேட்பவர்கள் வில்லியம் வைட் செய்ததைக் கவனிக்கலாம். பத்திரிகையாளரான அவர் 1970களில் நியூயார்க்கின் சதுக்கங்களில் கேமராக்களை வைத்து, இளம் உதவியாளர்களைக் கொண்டு, எந்த இடத்தில் எத்தனை பேர், எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்று பதிவு செய்தார். கிடைத்த விடை வெட்கப்படும் அளவுக்கு எளிமையானது: உட்கார இடம் இருக்கும் இடத்தில் ஆட்கள் உட்காருகிறார்கள். அதோடு, கூட்டத்துக்கு நடுவில் பேச நிற்பவர்கள் ஓரமாக ஒதுங்குவதில்லை, வழியிலேயே நிற்கிறார்கள் என்பதையும் படம் பிடித்துக் காட்டினார். இந்த எண்ணிக்கைகளை வைத்துத்தான் 1975இல் அந்த நகரம் சதுக்கங்களுக்கான விதிகளைத் திருத்தியது. கட்டடத்தோடு சதுக்கமும் அமைத்துக் கூடுதல் மாடிச் சலுகை பெறுபவர்கள் அங்கே இத்தனை அடிக்கு இவ்வளவு இருக்கை வைக்க வேண்டும் என்பது விதியானது.

மருத்துவமனைக்குள்ளும் இதே வழி பலித்திருக்கிறது. ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பென்சில்வேனியாவின் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மறுபாதிக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

அமெரிக்காவை விடுங்கள், இந்தூர் நம் நாட்டில்தான் இருக்கிறது. 1980களில் அங்கே குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக ஆரண்யா என்ற குடியிருப்பை பி.வி. தோஷி திட்டமிட்டார். அதையொட்டி அவருடைய வாஸ்து சில்ப அறக்கட்டளையும் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு வேலை செய்தன. இந்தூரின் குடிசைப் பகுதிகளுக்குள் போய், அங்கிருந்தவர்கள் தாங்களாகவே கட்டிக்கொண்டதை அளந்து வரைந்தார்கள். வாசல் திண்ணை எவ்வளவு அகலம், அதில் என்னென்ன வேலை நடக்கிறது, எந்த மரத்தடியில் கடை போட்டிருக்கிறார்கள், சந்து எங்கே அகன்று நாலு பேர் கூடும் இடமாகிறது என்றெல்லாம் குறித்தார்கள். குடிசை என்றால் அகற்ற வேண்டிய ஒன்று என்று மட்டும் பேசப்பட்ட காலத்தில், அங்கே பாடம் கேட்கப் போனார்கள் என்பதுதான் பெரிய செய்தி. ஆரண்யாவில் குடும்பங்களுக்கு முடிந்த வீடு தரப்படவில்லை; மனை, அடித்தளம், கழிப்பறை, தண்ணீர் இணைப்பு என்று தொடக்கத்தைத் தந்து, மிச்சத்தைக் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொள்ள விட்டார்கள். 1995இல் அந்தத் திட்டத்துக்கு ஆகா கான் விருது கிடைத்தது.

விவேக் நகருக்குத் திரும்பினால், பக்கத்து ஈஜிபுராவின் கதை இதற்கு நேர் எதிர். பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்காக 1990களில் அங்கே மாநகராட்சி கட்டிய அடுக்கு வீடுகள் சுமார் 1,500. எல்லோர் வாயிலும் அது ‘இ.டபிள்யூ.எஸ். குவார்ட்டர்ஸ்’. வீட்டு வேலைக்கும் துப்புரவுக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் அங்கே குடியிருந்தார்கள். அடுத்த பத்தாண்டிலேயே கட்டடங்கள் பழுதாகி, சில பிளாக்குகள் இடிந்தே விழுந்தன. வீடு போனவர்கள் அதே நிலத்தில் தகரக் கொட்டகை போட்டுத் தங்கினார்கள். 2013 ஜனவரியில் போலீஸ் காவலோடு வந்த புல்டோசர்கள் அந்தக் கொட்டகைகளையும் அகற்றின. நிலத்தின் ஒரு பகுதியில் வணிக வளாகம் கட்டத் தனியார் நிறுவனத்தோடு மாநகராட்சி ஒப்பந்தம் போட்டிருந்தது.

கட்டடம் விழுந்தது தரக்குறைவால். அதை எந்த நடத்தை ஆய்வும் தாங்கிப் பிடித்திருக்காது என்று ஒரு பொறியாளர் சொல்லலாம். சரிதான். ஆனால் ஆண்டுக்கு இரண்டு மாணவர்கள் அங்கே போய், எந்தச் சுவரில் ஈரம், எந்த மாடிப்படியைப் பெண்கள் இரவில் தவிர்க்கிறார்கள், யார் எவ்வளவு தூரம் நடந்து வேலைக்குப் போகிறார்கள் என்று குறித்துக்கொண்டே வந்திருந்தால், வெளியேற்றம் நடந்த நாளில் அந்தக் குடும்பங்களின் கையில் ஓர் ஆவணமாவது இருந்திருக்கும்.

சென்னையிலும் இதே பாடம் காத்திருக்கிறது. நகருக்குள் பிழைப்பு வைத்திருந்த குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். கூரைக்கு வெளியே தெருவையும் சேர்த்து வீடாகப் பயன்படுத்தியவர்கள் ஏழாவது மாடியில் எதை வாசலாக்கிக்கொள்கிறார்கள், லிஃப்ட் நின்ற நாளில் முதியவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்க்க ஒரு செமஸ்டர் போதாது.

பார்ப்பதிலும் ஒழுங்கு வேண்டும். சதுக்கத்தில் ஆட்களை எண்ண யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஒருவர் வீட்டுச் சமையலறையைப் படம் பிடிக்கக் கேட்டே ஆக வேண்டும். குழந்தைகளின் முகம் தெரியும் படங்கள் எதற்கு? பெயரையும் கதவு எண்ணையும் அறிக்கையில் விட்டுவிடலாம். விவேக் நகர் போன்ற இடத்தில் தமிழும் கன்னடமும் தெரிந்த மாணவர் அணியில் இருந்தால்தான் பாட்டிகள் பேசுவார்கள். எழுதிய அறிக்கை கல்லூரி அலமாரிக்கு மட்டும் போகாமல், அந்த இரண்டு மொழிகளிலும் நாலு பக்கமாகச் சுருங்கி வார்டு அலுவலகத்துக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் போக வேண்டும்.

கடைசியாகப் பணம். ‘அனுபவம் கிடைக்கிறதே’ என்று சொல்லிச் சம்பளமில்லாமல் பயிற்சி மாணவர்களை வைத்துக்கொள்ளும் பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. ஆய்வுப் பயிற்சியும் அப்படியே ஆனால், மாதக்கணக்கில் வீட்டுக் காசில் தெருவில் நிற்க வசதியுள்ளவர்கள் மட்டுமே அதற்கு வருவார்கள். ஒரே அறையில் ஐந்து பேர் படுத்து வளர்ந்த மாணவி, எந்தத் திண்ணை எதற்கு என்று யாரும் சொல்லித்தராமலே அறிந்தவள், உதவித்தொகை தரும் ரெண்டர் அலுவலகத்தைத் தேடிப் போய்விடுவாள். கல்லூரிகளும் மாநகராட்சியும் முதலில் அவளுக்கான உதவித்தொகையை ஒதுக்கிவிட்டுப் பிறகு திட்டத்துக்குப் பெயர் தேடட்டும்.