இடி ஓய்ந்தது அர்ச்சுனனாலா?

இடி இடிக்கும்போது அர்ச்சுனனுடைய பத்துப் பெயர்களைச் சொன்னால் இடி விலகிப்போகும் என்கின்ற நம்பிக்கை நம் மக்களை இன்னமும் விட்டபாடில்லை. "எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம், சொன்ன சற்றுநேரத்தில் அடங்கியிருக்கிறது" என்று ஆஸ்திகர்கள் அனுபவத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அந்தச் சாட்சியையே நாமும் விசாரிப்போம்.

தோழர்களே! சூடேறிய ஈரக்காற்று வேகமாய் மேலே ஏறிக் குளிர்வதால் இடிமேகம் உண்டாகின்றது. அதற்குள் பனித்துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் மோதி மின்சாரம் பிரிகின்றது. லேசானவை நேர் மின்சாரத்தோடு உச்சிக்குப் போகின்றன. கனத்தவை எதிர் மின்சாரத்தோடு கீழே தங்குகின்றன. முதலில் மின்னல் பெரும்பாலும் மேகத்துக்குள்ளேயே வெட்டும். பிறகு தரைக்கும் இறங்கும். மழை கொட்டும்போது அதனோடு இறங்கும் குளிர்காற்று, மேலேறும் காற்றை அடைத்துவிடுகின்றது. ஊட்டமற்ற மேகம் ஓய்கின்றது. சாதாரண இடிமேகத்தின் ஆயுளே 30 நிமிஷம் முதல் ஒரு மணி நேரம்தான். பெயர் சொன்னாலும் ஓயும்; சொல்லாவிட்டாலும் ஓயும்; வைதாலும் ஓயும்! சேவல் கூவியதால்தான் பொழுது விடிந்தது என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

"சொல்லுவதால் நஷ்டமென்ன?" என்பார்கள். நஷ்டம் உயிரே! ஓய்கின்ற மேகம் செத்த மேகமல்ல. மழை நின்ற பிறகும் உச்சியில் தேங்கிய நேர் மின்சாரம் சில சமயம் 10 மைல் தள்ளிக்கூட இறங்கும். அந்த மின்னல் பெரும்பாலும் மற்றதைவிடக் கடுமையானது. பெயர் பலித்துவிட்டதென்று வயலுக்குத் திரும்புகிறவன் கதி என்ன? 2022-ல் மாத்திரம் இந்தியாவில் மின்னல் தாக்கி 2,800-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள்.

இந்த மூடத்தனம் நமக்கு மாத்திரம் சொந்தமல்ல. ஐரோப்பாவில் இடியை விரட்டக் கோவில் மணி அடித்தார்கள். அடித்தவர்களே மணிக்கயிற்றைப் பிடித்தபடி செத்தார்கள். 1752-ல் பிராங்க்ளின் மின்னல் மின்சாரமே என்று காட்டினார். பலமுறை இடி விழுந்து கெட்ட வெனிஸ் நகரத்து செயின்ட் மார்க் கோவில் மணிக்கூண்டுக்கு 1776-ல் இடிதாங்கி வைத்தார்கள். இன்றோ மேகத்துக்குள் மின்னல் திடீரென்று பெருகினால் ஆலங்கட்டியும் சூறைக்காற்றும் சில நிமிஷங்களில் வரலாம் என்று கண்டிருக்கிறார்கள். மின்னலை எண்ணுவதற்கென்றே 2016-ல் அமெரிக்கர்கள் வானத்துக்கு ஒரு கருவி அனுப்பினார்கள். அவர்கள் மின்னலை எண்ணுகிறார்கள்; நாம் அர்ச்சுனன் பெயரை எண்ணுகிறோம்!

ஆகவே இடிச் சத்தம் கேட்டதும் மரத்தடியை விட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகும்வரை வெளியே வராதீர்கள். இதற்குத் தட்சணையும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று கேட்கின்றோம். இன்று கோபுரங்களின் மேலேயே இடிதாங்கி வைக்கிறார்களே, ஏன்? கோபுரத்துக்கு இடிதாங்கி, குடியானவனுக்கு அர்ச்சுனனா?