பழைய கட்டடத்தின் குளிர்ச்சியும் கொத்தனாரின் சான்றிதழும்

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2019 மார்ச் மாதம் தேசிய குளிரூட்டல் செயல்திட்டத்தை வெளியிட்டது. 2037-38-ஆம் ஆண்டுக்குள் நாட்டின் குளிரூட்டல் தேவையை 20 முதல் 25 சதவீதம் வரை குறைப்பது அதன் இலக்குகளில் ஒன்று. 2022-23-க்குள் ஒரு லட்சம் குளிர்சாதனப் பழுதுபார்ப்பாளர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் அளிப்பது மற்றோர் இலக்கு. நோக்கம் நல்லதே. ஆனால், குளிர்சாதனப் பெட்டியின் தேவையையே குறைக்கும் சுவரையும் கூரையையும் பழுதுபார்க்கத் தெரிந்தவருக்கு யார் சான்றிதழ் தருவது? கொத்தனாரும் தச்சரும் ஓடு வேய்பவரும் நாட்டின் எரிசக்திக் கணக்கில் எந்த வரிசையில் வருகிறார்கள்?

இக்கேள்விக்கு விடை தேட திருவனந்தபுரத்தைவிடப் பொருத்தமான நகரம் தென்னகத்தில் இல்லை எனலாம். அந்நகரின் நேப்பியர் அருங்காட்சியகம் 1880-இல் கட்டி முடிக்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை வடிவமைத்த ராபர்ட் சிஷோம்தான் இதற்கும் கட்டடக் கலைஞர். கேரளத்துச் சரிவுக் கூரைகளையும் முகப்புகளையும் கொண்ட இக்கட்டடம், உள்ளே காற்று இயல்பாக ஓடும்படி அமைக்கப்பட்டது. வில்லிஸ் கேரியர் நவீன குளிர்சாதன இயந்திரத்தை வடிவமைத்தது 1902-இல். அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே வெப்பத்தைச் சமாளிக்கும் பொது மண்டபம் ஒன்றைத் திருவனந்தபுரம் பெற்றிருந்தது.

திருவிதாங்கூரின் முந்தைய தலைநகரான பத்மநாபபுரம் இன்று தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. 1956-இல் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது நிலம் தமிழகத்துக்கு வந்தது. அரண்மனையின் பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறையிடமே தங்கிவிட்டது. அங்குள்ள மந்திரசாலையின் மரச்சாளரங்களும் மைக்கா தகடுகளும் வெயிலைத் தணித்து வெளிச்சத்தை உள்ளே அனுப்புகின்றன. நடுமுற்றங்கள் வெப்பக் காற்றை மேலே விடுகின்றன. தாழ்ந்து இறங்கும் கூரை, சுவரில் வெயிலும் மழையும் நேராக விழாமல் காக்கிறது. மின்சாரம் என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலத்தில் தச்சர்களும் கொத்தர்களும் செய்த ஏற்பாடு இது.

அரண்மனைகளைப் பாதுகாக்கத் துறை இருக்கிறது. சாதாரண வீடுகளுக்கு அது இல்லை. திருவனந்தபுரத்தின் கோட்டைப் பகுதியிலும், தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் கரமனை, வலியசாலை அக்ரகாரங்களிலும் சுவரோடு சுவர் ஒட்டிய ஓட்டு வீடுகள் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் பல இடிக்கப்பட்டுவிட்டன. எஞ்சியவற்றுக்கும் வேறு வகையில் ஆபத்து வருகிறது. பழுதுபார்ப்பே அந்த ஆபத்து.

இத்தகைய வீடுகளில் வழக்கமாக நடப்பதைப் பார்ப்போம். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்ததும் அதன்மீது சிமெண்ட் பூசப்படுகிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் தன்மை கொண்டது. சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. உள்ளே சிக்கிய ஈரம் சுவரை அரிக்கிறது. அறைக்குள் புழுக்கம் கூடுகிறது. கொசுவுக்கும் திருட்டுக்கும் அஞ்சி முகப்பின் மரச்சட்டங்கள் பலகையால் மூடப்படுகின்றன. முற்றத்தின்மேல் கண்ணாடியோ தகரமோ போடப்படுகிறது. ஓட்டின் கீழே பொய்க்கூரை தொங்குகிறது. சூடான காற்று வெளியேறும் எல்லா வழிகளும் அடைபட்ட பின் குளிர்சாதனப் பெட்டி வாங்குவதைத் தவிர வீட்டுக்காரருக்கு வேறு வழியில்லை.

ஒரு மின்விசிறிக்குச் சுமார் 75 வாட் மின்சாரம் தேவை. ஒன்றரை டன் குளிர்சாதனப் பெட்டி முழு வேகத்தில் ஓடும்போது சுமார் 1,500 வாட் எடுத்துக்கொள்கிறது. அதாவது, இருபது மின்விசிறிகளுக்குச் சமம். 2024 மே மாத வெயிலில் கேரளத்தின் உச்ச மின்தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. தனக்குத் தேவையான மின்சாரத்தின் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கும் மாநிலம் அது. அந்தச் சுமையில் தவறான பழுதுபார்ப்பின் பங்கும் உண்டு என்பதை யாரும் கணக்கில் கொள்வதில்லை.

பயிற்சியில்லாத கைகளிடம் எரிசக்திச் சேமிப்பை ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனில் ஓர் உதாரணம் இருக்கிறது. பிரஸ்டன் நகரின் ஃபிஷ்விக் பகுதியில் நூற்றுக்கணக்கான பழைய வீடுகளின் வெளிச்சுவர்களில், வெப்ப இழப்பைத் தடுக்கும் உறை 2013-ஆம் ஆண்டையொட்டிப் பொருத்தப்பட்டது. வேலை சரியாகச் செய்யப்படாததால் மழைநீர் உறைக்குள் புகுந்தது. வீடுகளில் ஈரமும் பூஞ்சையும் பரவின. மின்கட்டணத்தையும் எரிவாயுக் கட்டணத்தையும் மிச்சப்படுத்த வந்த திட்டம் குடியிருப்போரின் நிம்மதியைப் பறித்தது. பழைய வீடுகளுக்கான மேம்பாட்டுப் பணிகளுக்கு அந்நாடு 2019-இல் தனித் தரவிதிகளை வகுத்ததன் பின்னணியில் இத்தகைய அனுபவங்கள் இருந்தன. பிரிட்டனின் பிரச்னை குளிர், நம்முடையது வெப்பம். ஆனாலும், சுவரின் இயல்பு அறியாதவர் அதைத் தொடக்கூடாது என்ற பாடம் இரு நாடுகளுக்கும் பொது.

நல்ல உதாரணத்துக்குக் கடல் கடக்க வேண்டியதில்லை. தில்லியில் ஹுமாயூன் கல்லறையின் புனரமைப்பை, இந்தியத் தொல்லியல் துறையுடன் இணைந்து ஆகா கான் அறக்கட்டளை 2007 முதல் 2013 வரை மேற்கொண்டது. முந்தைய பராமரிப்பின்போது கூரைமீது கொட்டப்பட்டிருந்த சுமார் 10 லட்சம் கிலோ கான்கிரீட் அகற்றப்பட்டது. மரபுக் கைவினைஞர்களின் உழைப்பு மட்டும் 2 லட்சம் மனித நாள்கள். மறந்துபோன ஓட்டுத் தொழில்நுட்பத்தைக் கற்பிக்க உஸ்பெகிஸ்தானிலிருந்து கலைஞர்கள் வரவழைக்கப்பட்டு, நிஜாமுதீன் பகுதி இளைஞர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. பணமும் பொறுமையும் இருந்தால் அறுந்த கைத்தொழிலை மீண்டும் ஒட்ட முடியும் என்பதைத் தலைநகரமே நிரூபித்திருக்கிறது.

கேரளத்துக்கு இதைவிட நெருக்கமான முன்னுதாரணம் உண்டு. இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடிமகனான லாரி பேக்கர், 1970 வாக்கில் திருவனந்தபுரத்தில் குடியேறினார். உள்ளூரில் அவர் எழுப்பிய வளர்ச்சி ஆய்வு மைய வளாகம், பொருளாதார அறிஞர் கே.என். ராஜும் அன்றைய முதல்வர் அச்சுத மேனனும் அளித்த ஆதரவில் உருவானது. செங்கற்களை நிமிர்த்தி நடுவே வெற்றிடம் விட்டு அடுக்கும் எலிப்பொறிக் கட்டு முறையை அவர் பரவலாக்கினார். செங்கல் செலவில் சுமார் 25 சதவீதம் மிச்சம். உள்ளிருக்கும் காற்றே வெப்பத்தைத் தடுக்கும். வரைபடத்தைக் கையில் கொடுத்துவிட்டு விலகாமல், கட்டுமான இடத்திலேயே கொத்தனார்களோடு நின்று முடிவெடுத்ததுதான் அவரது பயிற்சி முறை. 1985-இல் அவரும் ராஜும் அச்சுத மேனனும் டி.ஆர். சந்திரதத்தும் சேர்ந்து தொடங்கிய காஸ்ட்ஃபோர்ட் அமைப்பு, பெண்களையும் கொத்துவேலையில் பயிற்றுவித்தது. அதே காலத்தில் கொல்லத்தில் தொடங்கிய நிர்மிதி கேந்திரத்தைப் பின்பற்றியே, நாடெங்கும் கட்டுமான மையங்களை அமைக்கும் திட்டத்தை மத்திய அரசு ஏற்றது. 2007-இல் பேக்கர் மறைந்த பின், திருவனந்தபுரத்தை அடுத்த விளப்பில்சாலையில் அவர் பெயரில் பயிற்சி மையம் இயங்குகிறது. ஆறன்முளையில் மாநில அரசின் வாஸ்துவித்யா குருகுலம் 1993 முதல் மரபுக் கட்டடக் கலையைக் கற்பிக்கிறது. ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கட்டடங்களும் இருக்கின்றன. இரண்டையும் எரிசக்திக் கொள்கையோடு இணைக்கும் கயிறுதான் இல்லை.

மத்திய அரசிடம் கைவினைஞர்களுக்கென்று ஒரு பெரிய திட்டம் இருப்பது உண்மை. 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்துக்கு ஐந்தாண்டுகளுக்கு ரூ.13,000 கோடி ஒதுக்கப்பட்டது. அதன் 18 தொழில்களில் கொத்துவேலையும் தச்சுவேலையும் அடக்கம். அடிப்படைப் பயிற்சி 5 முதல் 7 நாள்கள், நாளொன்றுக்கு ரூ.500 உதவித்தொகை. கருவிகளுக்கு ரூ.15,000; பிணையில்லாக் கடன் ரூ.3 லட்சம் வரை. ஆனால், ஏழு நாளில் சுண்ணாம்பைக் கற்க முடியாது. கற்சுண்ணாம்பை நீற்றிப் புளிக்க வைப்பதற்கே அதைவிட அதிக நாள் ஆகும். மேற்பயிற்சி 15 நாள் என்றாலும், ஒரு மழைக்காலத்தைத் தாங்கிய பின்தான் பூச்சின் தரம் தெரியும்.

இத்திட்டத்தின் மீது தமிழகத்திலிருந்து எழுந்த விமர்சனமும் புறந்தள்ளத்தக்கதல்ல. விண்ணப்பதாரரின் குடும்பம் மரபாக அத்தொழிலைச் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை சாதித் தொழிலை நிலைநிறுத்தும் என்று கூறி, முதல்வர் மு.க. ஸ்டாலின் 2024 நவம்பரில் மத்திய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். 2025 ஏப்ரலில் 25 தொழில்களுக்கான கலைஞர் கைவினைத் திட்டம் மாநிலத்தில் தொடங்கப்பட்டது. பழைய கட்டடங்களின் விஷயத்தில் இந்த விவாதத்துக்கு நேரடித் தொடர்பு உண்டு. கைத்திறனைக் காப்பது வேறு. பிறப்பால் அதை ஒருவர் தலையில் கட்டுவது வேறு. கேரளத்தில் கரண்டி பிடித்த பெண் கொத்தனார்கள் யாருடைய குலத்தொழிலையும் தொடர்ந்தவர்கள் அல்லர்; கற்றுக்கொண்டார்கள், செய்தார்கள். பயிற்சி எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

சட்டமோ இன்னும் எட்டத்தில் நிற்கிறது. 2022-இல் திருத்தப்பட்ட எரிசக்திச் சேமிப்புச் சட்டம், பொதுவாக 100 கிலோவாட் அல்லது அதற்கு மேற்பட்ட மின் இணைப்புச் சுமை கொண்ட கட்டடங்களையே குறிவைக்கிறது. வரம்பைக் குறைக்கும் உரிமை மாநிலங்களுக்கு உண்டு. வீடுகளுக்கென 2018-இல் வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா, 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளையே கருதியது. வலியசாலையின் ஒடுங்கிய மனை வீடு இந்த எந்தக் கட்டத்துக்குள்ளும் வராது.

எனவே, தொடங்க வேண்டிய இடம் அரசின் சொந்தக் கட்டடங்களே. திருவனந்தபுரத்தில் 1869-இல் திறக்கப்பட்ட தலைமைச் செயலகம் முதல் பல அலுவலகங்கள் பழைய கட்டடங்களில் இயங்குகின்றன. மாநில அரசின் எரிசக்தி மேலாண்மை மையமும் இதே நகரில்தான் உள்ளது. இரண்டு மூன்று கட்டடங்களைத் தேர்ந்தெடுத்து, அடைபட்ட காற்றுவழிகளைத் திறந்து, சிமெண்டை நீக்கிச் சுண்ணாம்பு பூசி, மரச்சட்டங்களுக்குள் கொசுவலை பொருத்தி, வேலைக்கு முன்னும் பின்னும் வெப்பத்தையும் மின்செலவையும் அளந்து வெளியிடலாம். அந்த வேலையே ஆறு மாதப் பயிற்சிப் பள்ளியாகவும் அமையும். கேரளத்தின் கட்டுமானத் தளங்களில் ஒரு காலத்தில் குமரி, நெல்லை மாவட்டத் தமிழர்கள் நிறைந்திருந்தனர். இன்று வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் ஏராளம். பயிற்சி மலையாளத்தில் மட்டும் நடந்தால் பாதிப்பேருக்குப் போய்ச் சேராது. பத்மநாபபுரத்தைப் பொதுப் பயிற்சிக்களமாக்கினால் இரு மாநிலங்களும் பங்கேற்கலாம். நதிநீரில் கூடாத கைகள் சுண்ணாம்பிலாவது கூடட்டும்.

அடுத்தது கூலி. குறைந்த விலை கேட்டவருக்கே பணி என்ற ஒப்பந்தப்புள்ளி முறை இருக்கும்வரை, நிதானமாகச் சுண்ணாம்பு அரைப்பவர் சிமெண்ட் மூட்டையிடம் தோற்றுக்கொண்டே இருப்பார். பாரம்பரியக் கட்டடப் பணிகளுக்குத் தனி விலைப்பட்டியலும், சான்றிதழ் பெற்ற கைவினைஞர்கள் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் வேண்டும். வேலையில்லாத சான்றிதழ் சுவரில் மாட்டவே உதவும். ஜப்பான் 1975 முதல் கட்டடப் பாதுகாப்புக் கைத்திறன்களைச் சட்டப்படி அங்கீகரித்துப் பேணுகிறது. மரக் கட்டடங்களைப் பேணும் அந்நாட்டுத் திறன்களை 2020-இல் யுனெஸ்கோ தனது பட்டியலில் சேர்த்ததற்குப் பின்னால், அந்த நீண்டகால ஆதரவு இருக்கிறது.

பழைய வீடுகள் எல்லாம் சொர்க்கம் என்ற மயக்கம் தேவையில்லை. இருட்டும் புகையும் நிறைந்த வீடுகளும் இருந்தன. ஓவியங்களையும் ஓலைச்சுவடிகளையும் காக்கும் அறைகளுக்கு இயந்திரம் தேவைப்படலாம். மரபுப் பழுதுபார்ப்புக்குத் தொடக்கச் செலவும் கூடுதல். சாதாரணக் குடும்பத்தால் அதைத் தனியே சுமக்க முடியாது. சூரிய மின்தகட்டுக்கு மானியம் தரும் அரசு, மின்சாரமே தேவைப்படாத காற்றுவழிக்கும் மானியம் தருவது நியாயமே.

ஒரு லட்சம் பேருக்குக் குளிர்சாதனப் பெட்டியைப் பழுதுபார்க்கக் கற்றுத்தர இலக்கு வகுத்தது தில்லி. அதில் பத்தில் ஒரு பங்கு, பத்தாயிரம் பேருக்குச் சுவரையும் கூரையையும் பழுதுபார்க்கக் கற்றுத்தர ஓர் இலக்கு வகுக்கட்டும். தெரிந்தவர்களின் கைகள் மூப்படைந்து வருகின்றன. அவர்கள் போன பிறகு அறிவிக்கப்படும் திட்டத்தில் ஒதுக்கீடு இருக்கும். கற்றுத்தர ஆள் இருக்காது.