பொது இணையத்தளங்கள் சிறு திரைக்கும் பொருந்த வேண்டும்: எமது நிலைப்பாடு

பொதுமக்களுக்கென நடத்தப்படும் இணையத்தளம் எதுவாயினும், அரச திணைக்களத்தினுடையதோ பிரதேச சபையினுடையதோ பாடசாலையினுடையதோ, கைப்பேசியின் சிறு திரையில் பக்கவாட்டில் இழுக்காமல் வாசிக்கவும் நிரப்பவும் கூடியதாக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை என்பதே எமது அமைப்பின் நிலைப்பாடு.

கிழக்கிலங்கையின் சாகாமம், திருக்கோவில், பொத்துவில் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு இணையம் என்றால் கைப்பேசிதான். 2022இல் எரிபொருளுக்கான கியூஆர் பதிவு வந்தபோதும் சரி, பரீட்சைப் பெறுபேறு வெளிவரும்போதும் சரி, கையில் இருப்பது அதுவே. பக்கம் அதில் சரிவரத் திறக்காவிட்டால் அக்கரைப்பற்றுக்கோ கல்முனைக்கோ பஸ் ஏற வேண்டும். அங்கே இணையக் கடைக்காரருக்குக் காசு கொடுத்து, பின்னால் நிற்பவர்கள் கேட்க அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கிக் கணக்கையும் சொல்ல வேண்டும். காசை விட இந்த அந்தரங்க இழப்பே எமக்குப் பெரிதாகப் படுகிறது.

கோளாறு பெரும்பாலும் சிறியது. திரையின் அகலத்தை மதிக்கும்படி உலாவிக்குச் சொல்லும் ஒரேயொரு வரி பக்கத்தில் இல்லாவிட்டால், கைப்பேசி அந்தப் பக்கத்தை ஏறத்தாழ 980 பிக்சல் அகலமானதாகக் கருதி, 360 பிக்சலுக்குள் சுருக்கிவிடும். தமிழ் எழுத்தின் புள்ளி மறையும். ணகரமும் னகரமும் ஒன்றுபோலத் தெரியும். விரலால் பெரிதாக்கினால் இலக்கம் எழுதும் பெட்டி மட்டும் திரையில் நிற்கும். அதன் வலப்பக்கத்தில் சிவப்பில் வந்த பிழை அறிவித்தல் திரைக்கு வெளியே போய்விடும். நிரப்பியவர் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திவிட்டு, தளம் வேலைசெய்யவில்லை என்று விட்டுவிடுவார்.

வடிவமைப்பை ஆங்கிலத்தில் வரைந்து முடித்து, கடைசியில் தமிழை அதற்குள் திணிக்கும் வழக்கத்தையும் எதிர்க்கிறோம். 'விண்ணப்பதாரர்களுக்கான அறிவுறுத்தல்கள்' என்ற தலைப்பு ஒடுங்கிய பெட்டியில் வெட்டுப்படும், அல்லது பக்கத்தையே அகலமாக்கிவிடும். சோதனை தமிழ்ச் சொற்களோடுதான் நடக்க வேண்டும்.

இதற்குப் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. திரைக்கேற்ப வளையும் வடிவமைப்புக்கு அமெரிக்கரான ஈதன் மார்கொட் 2010இலேயே பெயரிட்டு வழிகாட்டினார். 2018இல் வெளியான இணைய அணுகல் வழிகாட்டி 2.1, 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டு உருட்டலின்றி வாசிக்க முடிய வேண்டும் என்கிறது. வரைபடம், பெரிய அட்டவணை போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு. இதே விதி, 1280 பிக்சல் திரையில் எழுத்தை நான்கு மடங்கு பெரிதாக்கி வாசிக்கும் பார்வை குன்றியவருக்கும் உதவுகிறது. அலுவலகக் கணினியில் இரண்டு சாளரங்களை அருகருகே வைத்து வேலைசெய்யும் உத்தியோகத்தருக்கும் அதே பயன்.

கைப்பேசிக்கென வேறொரு தளமோ செயலியோ செய்து தப்பிக்கொள்வதை நாம் ஏற்கவில்லை. இரண்டில் ஒன்று புதுப்பிக்கப்படாமல் கிடக்கும். ஸ்கேன் செய்த சுற்றறிக்கையைப் படமாகப் போடுவதும் தீர்வாகாது. எழுத்து திரைக்கேற்ப மடங்காது.

தளங்களைப் பொறுப்பேற்கும் அதிகாரிகளே, அதிபர்களே: இறுதிக் கொடுப்பனவில் கையொப்பமிடுமுன், விலை குறைந்த கைப்பேசி ஒன்றில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, ஒரு விண்ணப்பத்தை முதலிலிருந்து முடிவுவரை நீங்களே நிரப்பிப் பாருங்கள். முடியாவிட்டால் வேலையைத் திருப்பி அனுப்புங்கள்.